பதூலின் மருதாணிப் பாதம்

எங்கள் தெருவிலேயே கறுத்த பாதங்கள் என் அம்மா பதூலுடையவை. சூடானில், எங்கள் ஊரான அத்பராவில், இது ஒரு பாராட்டு. கல்யாணமான பெண்ணின் காலில் மருதாணி எவ்வளவு கறுக்கிறதோ, அவள் வீடு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கால் முழுக்க, விரல் நுனிகள், பக்கவாட்டில் ஒரு விரல் உயரம் வரை கறுப்பு ஏற வேண்டும். மருதாணி இல்லாத கால் கன்னிப்பெண்ணுடையது, அல்லது துக்க வீட்டுக்காரியுடையது. வயது வந்த பெண் ஒருத்தி வெறுங்காலோடு கடைக்குப் போனால் யார் தவறிப்போனார்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

அப்பா பாபிகர் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது லாரிக்கு மாறியவர். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் சிமெண்ட் ஏற்றிப்போவார். கடலை நெருங்கும்போது அந்தச் சாலை மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும். அங்கே கவிழ்ந்த வண்டிகளின் கூடுகள் பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். அவர் வண்டியைக் கிளப்பும் முன் அம்மா மருதாணி வைத்துக்கொள்வாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நாற்பதைக் கடந்ததும் அவளுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி. அசட்டையானவள் அல்ல. எங்கள் ஊரில் தேநீரில் சீனி போடாமல் குடிப்பவர்களைப் பைத்தியம் என்பார்கள். அவள் குடித்தாள். சில வருடங்கள் உள்ளங்காலில் எரிச்சல் என்று சொல்லி ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். பிறகு எரிச்சல் தானாக நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

நான் சிமெண்ட் ஆலையில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கிறவள். சூளையின் ஏதாவது ஒரு இடத்திலிருந்து வெப்ப அளவு வராமல் போனால், அங்கே சூடு தணிந்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. கம்பி அறுந்திருக்கிறது என்றுதான் பார்க்கப் போவோம். அம்மாவை டாக்டர் நாஹிதிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இழை பாதத்தில் படுவது தெரிந்ததும் சொல்ல வேண்டும். பெருவிரலில் தொட்டார், விரல்களின் அடியில், குதிகாலில், இடது, வலது என்று தொட்டுக்கொண்டே போனார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க, டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

செய்ய வேண்டியதை அவர் பொறுமையாகத்தான் சொன்னார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பைப் போடும் முன் கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் காலைக் கழுவ வேண்டும், விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். நெருப்பருகே காலை நீட்டக் கூடாது. தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

"இந்த மருதாணி வேண்டாம்மா. எனக்கு உங்க தோலு தெரியணும்."

"தோலு தெரிஞ்சா ஊருக்கு வேற என்னமோ தெரியும்," என்றாள் அம்மா.

ஆனாலும் கேட்டாள். மருதாணிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். சில வாரங்களில் கறுப்பு பழுப்பானது, பழுப்பு மஞ்சளானது, நகங்களில் மட்டும் கடைசிவரை நின்றது. காலையில் கிஸ்ரா ரொட்டி சுட்டு முடித்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாகக் காட்டிப் பார்ப்பாள். மூடிய செருப்பு வாங்கினாள். வெளியே போகும்போது உடம்பைச் சுற்றியிருக்கும் தோப் துணியின் ஓரத்தைத் தரை தொட இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மறைக்க முடியவில்லை. கசாப்புக் கடைக்காரர்கூட யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அம்மாவின் அக்கா கல்தூம் பெரியம்மா வந்தவள் வாசலிலேயே நின்று காலைப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கிற புருஷனுக்கு ஏண்டி துக்கம் காக்குற?"

அம்மா தோப் ஓரத்தை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். அப்பா அன்று சாலையில் இருந்தார்.

அந்தக் கோடையில்தான் மலை இறக்கத்தில் அப்பாவின் லாரி கவிழ்ந்தது. விலா எலும்புகளும் தோள்பட்டையும் உடைந்து வந்தார். உதவியாளர் பிழைக்கவில்லை. அப்பாவை இறக்கிக் கட்டிலில் படுக்க வைக்கும்போது அம்மா அழவில்லை. நின்ற இடத்திலேயே தன் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை மருதாணிக் கிண்ணம் நிமிர்ந்திருந்தது.

நான் வாதாடினேன். வண்டியைப் போய்ப் பார்த்திருந்தேன். பிரேக் டிரம் சூட்டில் நீலம் பூத்துக் கிடந்தது. அளவுக்கு மீறிய பாரம், அளவுக்கு மீறிய சூடு, பிரேக் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான் என்றேன்.

"பிரேக்கு எத்தனையோ வாட்டி சூடாகியிருக்கு," என்றாள் அம்மா. "இந்த வாட்டி மட்டும் ஏன் கவுந்துச்சு?"

கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடந்த அப்பா சிரிக்கப் போய் வலியில் நிறுத்திக்கொண்டார். "விடு ரிஹாப். அவ மருதாணிதான் என் எலும்புக்கு சிமெண்டு," என்றார் என்னிடம்.

அதன்பின் கண்ணாடி சுவரோரம் திரும்பி நின்றது. மற்றதையெல்லாம் அம்மா விடாமல் செய்தாள். செருப்பு, முழங்கை, உலர்ந்த துணி, எதிலும் குறையில்லை. பார்ப்பது மட்டும் நின்றுபோனது. பார்த்தாலும் கறுப்புதானே தெரியும் என்றாள். அது உண்மைதான்.

அப்பா குணமாகி மறுபடி வண்டி எடுத்தார். குளிர்காலத் தொடக்கத்தில் அத்தை மகளின் கல்யாணம் வந்தது. மருதாணி போடும் ஹவ்வா வீட்டுக்கு வந்தாள். அன்று நான் ஆலையில் இருந்தேன். நடந்ததைப் பிறகு பெரியம்மாதான் சொன்னாள்.

நிறம் சீக்கிரம் ஏற ஹவ்வா மருதாணியில் தலைச்சாயப் பொடி கலப்பாள். அப்பியபின் கரியடுப்பைக் கொண்டுவந்து வைப்பாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கனலுக்கு மேலே காலை நீட்டுவார்கள். சூடு பட்டால்தான் கறுப்பு ஆழமாக இறங்கும். பொறுக்க முடியாமல் ஆளாளுக்குக் காலை இழுப்பதும் ஹவ்வா மறுபடி பிடித்து நீட்டுவதும் அந்தச் சடங்கின் வேடிக்கை. பெரியம்மா இரண்டு முறை இழுத்துக்கொண்டாளாம். மணப்பெண்ணின் தாய் எழுந்தே போய்விட்டாளாம். அம்மா மட்டும், ஒரு நாள்தானே என்று, நீட்டிய கால் நீட்டியபடி, பேச்சு கேட்டுக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"பதூல் காலைப் பாருங்கடி," என்று ஹவ்வா எல்லாரையும் கூப்பிட்டாளாம். "நெருப்புக்கே சலிச்சிரும் போல."

"அவளுக்கு பாபிகர் மேல ஆசை அப்படி," என்று பெரியம்மா சொல்ல, கூடம் சிரித்ததாம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லையாம்.

கல்யாணத்தில் அவள் கால்களைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எண்ணெய் தேய்த்த செருப்புத் தோல்போல மின்னின.

கல்யாண வாசனை வீட்டில் பல நாள் நிற்கும். சந்தன எண்ணெயும் புகையும் துணியில், மெத்தையில், சுவரில்கூட ஏறிவிடும். வேறு எந்த வாசனையும் அதற்குள் தெரியாது. ஈக்களுக்குத் தெரிந்தது. அம்மா கட்டிலில் படுத்திருக்கும்போது அவை இடது பாதத்தையே சுற்றின. அவள் தோப் துணியின் நுனியால் விரட்டினாள். இடது செருப்பின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. கழுவிய காலைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்றாள். சாப்பாடு இறங்கவில்லை. கல்யாண அசதி என்றாள்.

ஆலையில் சூளையின் மேற்பரப்பைத் தொடாமல் அளக்க ஒரு வெப்பத் துப்பாக்கி உண்டு. அதைக் கொண்டுவந்து அவள் பாதங்களை அளந்தேன்.

"அடுப்ப அளக்கிற சாமான வச்சு என்னை அளக்கிறியா?" என்று சிரித்தாள். "என்ன சொல்லுது, வெந்துட்டேனா?"

வலது பாதத்தைவிட இடது பாதம் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது. கருவியைச் சுவரில் சரிபார்த்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே எண். மருதாணியின் விளிம்புக்கு மேலே கணுக்காலிலிருந்து ஒரு சிவந்த தடம் ஏறிப்போவதை அப்போதுதான் பார்த்தேன்.

டாக்டர் நாஹித் பாதத்தை விளக்கடியில் பிடித்துத் திருப்பினார். எங்கும் கறுப்பு. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார், பஞ்சு வெள்ளையாகவே வந்தது. முகத்தை அருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினார். தோல் நகர்ந்தது. இடுக்கியால் பிடித்ததும் உள்ளங்கால் தோல் ஒரே தகடாக உரிந்து வந்தது. அதன் வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கமும் கறுப்பு. அடியில் சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லையே. ஜில்லுன்னு இருக்கு."

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், இன்றே எடுக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். அம்மா கேட்டுக்கொண்டாள். தலையைத் துணியால் மூடிக்கொண்டு என்னை அருகே கூப்பிட்டாள்.

"உங்கப்பா வர்ற வரைக்கும் தொடக் கூடாது. போன்லயும் சொல்லிராத. இந்நேரம் மலை இறங்கிக்கிட்டு இருப்பாரு. கேட்டா பதறிப் போய் ஓட்டுவாரு."

நான் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் நாஹித் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். காய்ச்சலில் அவள் பற்கள் தட்டின, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. தன் கால், தன் முடிவு என்றாள். கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

அப்பாவின் வண்டி துறைமுகத்தில் சரக்கு இறக்க நின்றதும்தான் அவளே போனைக் கொடுக்கச் சொன்னாள். அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வெட்டச் சொல்லு. கால வச்சு நான் என்ன பண்ணப்போறேன், எனக்கு அவ வேணும்," என்றார். போனைக் காதருகே பிடித்திருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குள் தடம் தொடைக்கு ஏறிவிட்டது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அப்பா லாரியை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்து சேர்ந்தார். எடுத்த காலை வெள்ளைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தார்கள். முறைப்படி அதை இடுகாட்டுக்கு எடுத்துப்போய்ப் புதைத்தார். குழி தோண்டியவர் பக்கத்தில் இடம் விட வேண்டுமா என்று கேட்டாராம். அப்பா வேண்டாம் என்று சொன்னாராம்.

இடம் தேவைப்பட்டது. விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. மயக்கத்திலிருந்து அம்மா ஒரு முறை விழித்து அப்பாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேசவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பின்னும் கல்தூம் பெரியம்மா எங்கள் வீட்டில் தங்கினாள். தங்கைக்கான துக்கத்தில் அவளும் மருதாணியைத் தொடவில்லை. அவளுக்கும் சர்க்கரை உண்டு, அம்மாவுக்கு முன்பே வந்தது. ஒரு பிற்பகல் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் தேநீர் கொண்டுபோனேன். கட்டிலின் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்த அவள் பாதங்களில் நிறம் ஏறக்குறைய வெளுத்திருந்தது. அவள் உள்ளங்காலை நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. பெருவிரலின் அடியில் தோல் தடித்து வட்டமாகக் காய்த்திருந்தது. நடுவில் பென்சில் நுனி போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் ஓரம் ஈரமாக இருந்தது.

தேநீரைக் கீழே வைத்தேன்.

"பெரியம்மா, இது எப்ப வந்துச்சு?"

அவள் எழுந்து உட்கார்ந்து, காலை மடக்கித் திருப்பப் பார்த்தாள். முடியவில்லை.

"எது?" என்றாள்.