ஒன்பது கட்டைவிரல்

சாஆ என்ற சின்னப் பட்டணத்துக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். எண்ணெய்த் தொட்டியைக் கழுவி மூடுவதற்கு முன், சூப்பர்வைசர் நேரில் போய், வாசலில் தலையை விட்டு, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று தடவை கத்த வேண்டும். அன்று மூன்றரைக்கு நல்ல மழை. காலில் சப்பாத்து புதுசு. அதனால் வாட்சாப் குழுவில் போட்டேன்: "தொட்டியை மூடப் போறோம். எல்லாரும் வெளியே வந்தாச்சா?"

குழுவில் என்னைத் தவிர ஒன்பது பேர். ஒரே நிமிஷத்தில் 'சரி' என்று ஒன்பது கட்டைவிரல் வந்து வரிசையாக நின்றன. என்ன ஒழுக்கம் என்று எனக்கே பெருமை. மூடச் சொன்னேன். இரண்டு பேர் மூடியை முடுக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நாலு மணிக்குச் சூடான எண்ணெயைத் தொட்டிக்குள் திறந்துவிடுவது என் வேலை.

நாலுக்கு மழை விட்டிருந்தது. ஆலையே ஓய்ந்த மாதிரி ஓர் அமைதி. வால்வில் கை வைத்தேன்.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

அந்தத் தொட்டிக்குள் ஓர் ஆள் உலாத்துகிறான் என்று, புதிதாக வருகிறவர்களுக்குக் கதை கட்டியவனே நான்தான். கட்டினவனையே அது பிடித்துக்கொண்டது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்; பற்றாமல், பேச்சுவார்த்தை நின்றுபோன மச்சானையும் கூப்பிட்டேன். இரும்பு குளிர்ந்தால் இப்படித்தான் சத்தம் வரும் என்று எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்தேன். இரும்பு எண்ணித் தட்டுமா?

போனை எடுத்து விரல்களை மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். உள்ளே கழுவுகிறவனின் விரலும் அதில் இருந்தது. அவனுக்குத் தெரியாத சத்தமா என்று அவனையே அழைத்தேன். அழைப்பை எடுத்தாயிற்று. காதில் யாரோ மூச்சு விடுகிறார்கள், எதிரே தட்டுகிறார்கள்.

"டேய், எங்கடா இருக்கே?"

"அண்ணே, நான் அவர் சம்சாரம். அவர் வேலைக்கு வந்திருக்காரே. தொட்டிக்குள்ள போன் ஆகாதுன்னு வீட்டுலயே வச்சிட்டுத்தான் வருவாரு."

"அப்ப கட்டைவிரல் போட்டது?"

"நான்தான். பதில் வரலேன்னா நீங்க ஏசுவீங்கன்னு அவருதான் போடச் சொன்னாரு லா. எனக்கு எங்க படிக்க நேரம்."

போன் தரையில் விழுந்தது. ஸ்பேனரை எடுத்தேன். ஒரு நாளும் எதையும் ஒழுங்காக முடுக்காத பயல்கள், அன்று பார்த்துப் பதினாறு போல்ட்டையும் சாகும்வரை முடுக்கியிருந்தார்கள். ஒன்பதாவதைக் கழற்றும்போது தட்டுவது நின்றுவிட்டது. "இருடா, வந்துட்டேன்" என்று மூடியோடு பேசினேன். பத்தாவதுக்குப் போனேன்.

மூடி விலகியதும் இருட்டு. பிறகு அதில் இரண்டு கண்.

இழுத்து வெளியே போட்டேன். சேற்றில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினான். கீழே கிடந்த போனிலிருந்து, "அண்ணே, என்ன சத்தம்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு எடுத்தான்.

"ஒண்ணுமில்ல. வர நேரமாகும்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நடந்ததை நீங்களே அதுகிட்ட சொல்லுங்க அண்ணே. போன்ல வேணாம். வீட்டுக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் போனேன். அவள் சிரித்தபடி கதவைத் திறந்து, "உட்காருங்க அண்ணே" என்றாள். வாய் ஓயாதவன் என்று ஆலையில் பெயர் வாங்கிய நான், நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் போட்ட கட்டைவிரலிலிருந்து தொடங்குவதா, என் புதுச் சப்பாத்திலிருந்து தொடங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.