கழுதை டோக்கன்

தெருவில் அவளைச் சில்லறை அக்கா என்பார்கள். பேரைக் கேட்டுவிட்டுக் கைமாற்று கேட்கப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவளிடம் இருப்பதெல்லாம் மிருகம் போட்ட காசு. கங்காரு, மான், கடலாமை, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. துறைமுகத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாள். கப்பலில் வேலை செய்கிறவர்கள் வேண்டாமென்று விட்டுப்போகிற வெளிநாட்டுக் காசைக் கேட்டு வாங்கிச் சேர்த்தது. மறுபக்கத்தில் ராஜாவோ ராணியோ இருந்தால் குப்புறக் கவிழ்த்துவிடுவாள்.

"அந்த மூஞ்சியப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு கழுதையில். லாட்ஜுக்கு வருவதற்கு முன்பு அவள் கூட்டிப் பெருக்கிய தொழிற்சாலையில் கேன்டீனுக்குப் பித்தளை டோக்கன் உண்டு. அதிகாரிகளுக்குச் சிங்கம் போட்டது, மெஷின் ஓட்டுகிறவர்களுக்குக் குதிரை, பெருக்குகிறவர்களுக்குக் கழுதை. எந்தப் புண்ணியவான் மண்டையில் உதித்ததோ! வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். சிங்கம் எழுந்த பிறகு குதிரை, குதிரை எழுந்த பிறகு கழுதை. கழுதையின் முறை வரும்போது பாத்திரத்தின் அடியில் கரண்டி சுரண்டுகிற சத்தம்தான் கேட்கும்.

அவள் வீட்டுக்காரர் அங்கே லேத் மெஷின் ஓட்டினார். குதிரை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே, பொண்டாட்டி நிற்கிற வரிசையைக் கடந்து போவார். ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரா? மூச். தொழிற்சாலையை மூடியபோது, நல்ல வேலைக்காரர் என்று குதிரையை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றும் அவர் சாவிக்கொத்தில் தொங்குகிறது. கழுதைகளை மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

"தொலைஞ்சு போச்சு" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். டோக்கன் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

இந்த வருஷம் நாணயச் சங்கம் நடத்திய கண்காட்சியில் அவளுக்கும் ஒரு மேஜை கொடுத்தார்கள். நடுவில் கழுதையை வைத்தாள். பக்கத்தில் தன் கையாலேயே எழுதிய அட்டை: 'பெருக்குகிறவர்களுக்குக் கொடுத்தது. இது என்னுடையது.'

அட்டையைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவர் அளந்துவிட்ட கதை வேறு. பொண்டாட்டி அன்றைக்கு ஆபீஸில் இருந்தாளாம், இன்றைக்கு லாட்ஜையே மேற்பார்வை பார்க்கிறாளாம்!

"சம்பந்தியம்மா வர்றாங்கடி. அதை மட்டும் எடுத்துடு. என் மானம் போயிடும்."

"வரிசையில நின்னது நானு. உங்க மானம் எப்படிப் போகும்?"

"பொண்ணு வாழற இடம்."

"அவளுக்குத் தெரியாதா என்ன? நான் துடைச்ச காசுல படிச்சவதானே? கழுதை போனா இந்த மேஜையில இருக்கற எல்லாமும் போகும். நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் கிளம்பவில்லை. அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டார். கடலாமையைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், அட்டைக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தரம் படித்தார்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அது பழைய சாமான் கடையில வாங்கினது, சம்பந்தி. சும்மா தமாஷுக்கு எழுதியிருக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

"தமாஷ் இல்லைங்க. நான் ஆபீஸ்ல இருந்ததில்லை, பெருக்கினேன். இப்பவும் துடைக்கிறேன். சிங்கம், குதிரை டோக்கன்காரங்க எல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, இதைக் காட்டித்தான் கடைசியில சாப்பிட்டேன்."

சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்ல வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்களுக்கு என்ன மிருகம் கொடுத்தாங்க?"

தப்பித்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, மனுஷருக்கு உயிர் வந்துவிட்டது. சாவிக்கொத்திலிருந்து டோக்கனை அவசர அவசரமாகக் கழற்றினார். "குதிரைங்க! மெஷின் ஆளுங்களுக்கு மட்டும்தான்." சொல்லிக்கொண்டே அதைக் கழுதைக்கு முன்னால், மேஜையின் விளிம்பை ஒட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

அவள் அதை எடுத்தாள். கங்காரு, மான், ஆமை, கொக்கு எல்லாவற்றையும் தாண்டி, கடைசி வரிசையின் கடைசி இடத்தில் வைத்தாள்.

"இது என் மேஜை. இங்க கழுதை எழுந்த பிறகுதான் குதிரை."

சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் மேஜையில் குதிரை இருந்த கோடிக்குப் போய் நின்றார்.