இரண்டு பக்கமும் க்ளியர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. எங்காவது லைன் போய்விட்டதாகப் புகார் வந்தால், ரூட்டரில் கட்டளை கொடுத்து எங்கள் பக்க இன்டர்ஃபேஸை, அதாவது லைன் வந்து சேரும் முனையை, லூப்பில் போடுவேன். அனுப்பியது வெளியே போகாமல் திரும்பி ரூட்டருக்கே வந்து சேரும். சோதனைக்கு நூறு டேட்டா பாக்கெட் அனுப்பி நூறும் வந்துவிட்டால், ‘நம்ம சைடு க்ளியர்’ என்று எழுதிப் புகாரை லைனின் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவேன். அங்கிருப்பவனும் அதே சோதனையைச் செய்து அதையே எழுதி அனுப்புவான். இரண்டு பக்கமும் க்ளியர், லைன் மட்டும் செத்துக் கிடக்கும். அதில் எனக்கு ஒரு திமிர் வேறு.

திருநின்றவூரில் தம்பி வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்தன்று இப்படி ஒரு புகாரில் மாட்டிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். "இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். ஒரே ரயில் பாதையில் இருந்துகொண்டு இரண்டு வருடம் பேசவில்லை. என் மனைவி போனை நீட்டும்போதெல்லாம், "என் பக்கம் தப்பு இல்ல" என்று எரிந்து விழுந்தேன்.

போன மாதம் வேலைக்குப் போகும் வழியில், மின்சார ரயிலிலேயே தம்பி மாரடைப்பு வந்து செத்துப்போனான். அந்த வீட்டுக்கு இரண்டாவது முறையாகப் போனேன். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா" என்று அவன் மனைவி அழுதாள். பழக்கதோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது: "என் பக்கம் தப்பு இல்லம்மா."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரும் கடைசி வரைக்கும் இதையேதான் மாமா சொல்லிகினு இருந்தாரு."