மைனஸ் ஜி போய்ச் சேரவில்லை

டாலிகஞ்சுக்கு மெட்ரோ வந்த புதிது. அங்கே ஒரு தமிழர் பலகாரக் கடையில் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் இருந்தது, கரண்ட்தான் இருக்காது. பாதி உளுந்து அரைபட்டதும் போய்விடும், மீதியைக் கையால் ஆட்டவேண்டும். எனக்குத் தோள் இறங்கிப் போனது அதில்தான். சொல்ல வந்தது அதில்லை.

என் மகளும் நானும் அப்போது பேசிக்கொள்வதில்லை. சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது என்று சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றவளிடம், "அந்தக் காட்டுக்குள்ள போயி என்ன சம்பாதிக்கப் போற?" என்று கேட்டுவிட்டேன். அப்போது அந்தப் பக்கம் பாதி இடம் நாணல்தான். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். துர்கா பூஜை போயிற்று, பொங்கலும் போயிற்று. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்பாள், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. "அவளைக் குடை எடுத்துக்கச் சொல்லு" என்பேன் நானும். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று இருக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். "கடையிலதான் மத்தியானம் வேலை இல்லையே, கொண்டு போய்க் கொடுங்க" என்றாள் என் மனைவி. எஸ்பிளனேடு வரை மெட்ரோ, அப்புறம் பஸ். சால்ட் லேக்கில் எல்லாத் தெருவும் ஒன்று போலவே இருக்கும். போர்டு படிக்கத் தெரியாதவன் என்ன செய்வேன்? ஒரு ரிக்‌ஷாக்காரர் கொண்டுபோய் விட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். ஏ.சி. குளிரில் கால் விறைத்தது. "மேசோமொஷாய், போஷுன்" என்று ஒரு வங்காளிப் பையன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவள் கூட வேலை செய்பவன். மகள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

வாயில் வந்துவிட்டது. நடுவில் சொல்லி அனுப்ப அங்கே ஆளில்லையே.

அவளும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள். காலையிலிருந்து யாரிடமாவது கொட்டவேண்டும் என்று இருந்திருக்கும்.

"புரோகிராம் நடுவுல செத்துப் போகுதுப்பா. எந்த வரியில சாகுதுன்னு பார்க்க டீபக்கர்னு ஒண்ணு இருக்கு. அது பார்க்கணும்னா, கம்பைலர் புரோகிராமைத் தயார் பண்றப்பவே 'மைனஸ் ஜி'ன்னு அதுகிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லேன்."

"சொன்னேனே! ஆனா நான் நேரா கம்பைலர்கிட்ட பேசறதில்ல. நடுவுல மேக்னு ஒருத்தன் இருக்கான், அவனும் ஒரு புரோகிராம்தான், அவன்கிட்டதான் சொல்லணும். அவன் தன் கையில இருக்கிற வேலைக்கு மைனஸ் ஜி போட்டுக்கிறான். மிச்ச வேலைக்குக் கீழ இன்னொரு மேக்கைக் கூப்பிடறான். நான் சொன்னதை மட்டும் அந்தக் கீழ இருக்கிறவன்கிட்ட சொல்றதில்ல. தனக்குச் சொன்னதுன்னு வச்சுக்கிறான். புரோகிராம் சாகிறது அந்தக் கீழ்ப் பக்கத்துல. டீபக்கர் அங்க போனா கண்ணு தெரியாம நிக்குது."

"அப்ப அந்த மேக் உங்கம்மாதான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். என்னவென்று அந்தப் பையன் கேட்டான். வங்காளியில் சொன்னாள், அவனும் சிரித்தான்.

மேல் மேக்குக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். 'எனக்குச் சொன்னதையெல்லாம் கீழேயும் சொல்' என்று அர்த்தமாம். பழையதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தயார் செய்யவேண்டும் என்றாள். மெஷின் திரையில் வரிவரியாக ஓட்டிக்கொண்டிருந்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். சும்மா இருந்தால் மறுபடி பேச்சு நின்றுபோகுமோ என்று எனக்குப் பயம்.

"அம்மா எதை முழுங்கினா?" என்று அவளே கேட்டாள்.

"சாயங்காலம் கரண்ட் போனா ஸ்டேஷன் ரோடு இருட்டா கெடக்கு, நான் வந்து படிக்கிட்ட நிக்கிறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன், நாம சேர்ந்து வரலாம்னுதான். தெனமும் நின்னேன், நீ வரவே இல்ல. வீட்டுக்குப் போனா நீ எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்க."

சோற்றுக் கை அப்படியே நின்றது.

"முதல் நாளே நீங்க நிக்கிறதைப் பார்த்துட்டு வேற படி வழியா போயிட்டேன். யாரோட வர்றேன்னு வேவு பார்க்கிறீங்கன்னு நெனச்சேன். அதான் மறுநாள்லேருந்து ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கி நடந்து வந்தேன்."

"அவ்வளவு தூரம் இருட்டுலயா?"

"ஆமா."

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. அவள் ஏதோ தட்டினாள், திரையில் ஒரு வரி வந்தது. "இங்கதான்!" என்று இடது கையால் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு அந்த வரியில் ஒரு எழுத்தும் தெரியாது. நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். "நான் ஸ்டேஷன்ல நிக்கிறதை ஏன் அவகிட்ட சொல்லல?"

"என்கிட்டதானே சொன்னீங்க? நீங்க லேட்டா வருவீங்கன்னு எனக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். அடுப்பை அதுக்குத் தகுந்தாப்ல வச்சேன்."

அவள்மேல் என்ன தப்பு?

அன்று சாயங்காலமும் ஸ்டேஷன் படிக்கட்டருகில் நின்றேன். மகள் கூட்டத்தோடு மேலே வந்து நேராக என்னிடம் வந்தாள். கரண்ட் இருந்தது, ரோடு வெளிச்சமாகத்தான் கிடந்தது. இருந்தாலும் சேர்ந்து நடந்தோம்.

"அப்பா, நாளைக்குத் தயிர்சாதத்துல கடுகு வேண்டாம். பல்லுல மாட்டிக்குது."

"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றேன். பழக்கம்.

"உங்ககிட்டதான் சொல்றேன்."

வழியெல்லாம் அதுவே காதில் இருந்தது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனிலேயே டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஓரத்தில் ஒதுக்கிய கடுகு.

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"எனக்குச் சொன்னதுன்னு வச்சுக்கிட்டேம்மா" என்றேன்.