நான் வைத்த இரண்டு ஜன்னல்

1. ஜீப் வருவதற்குள்

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். நான் மணலூர்பேட்டைக்காரி. ஓவியத்தில் ஃப்ரீஹேண்ட் ஹையர் கிரேடு பரீட்சை பாஸ் செய்தவள். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. கோணல் கோட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

ஒருநாள் காலை எச்.எம். பதறிக்கொண்டு வந்தார். "டீச்சர், ஓவியப் போட்டிக்கு 'எங்கள் வீடு'ன்னு ஒரு படம் அனுப்பச் சொல்றாங்க. செலக்ட் ஆச்சுன்னா புள்ளைய கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கினு போவணும். பன்னண்டு மணிக்கு ஜீப்பு வருது, நல்லதா ஒண்ணு குடுங்க."

எல்லாப் பிள்ளைகளையும் வரையச் சொன்னேன். நாலாம் வகுப்பு பவித்ராவின் தாளில்தான் நிறம் ஜாஸ்தி. ஆனால் வீட்டைக் காணோம். விரித்து வைத்த புத்தகம் மாதிரி பெரிய கட்டம், அதன்மேல் ஏழெட்டுக் கல், ஒரு சைக்கிள் டயர், மஞ்சளாக ஏதோ கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் மூன்று கறுப்பு வட்டங்கள்.

"இன்னாடி இது? வூடு எங்க?"

"இதாங்க டீச்சர் வூடு."

"வாசலு, ஜன்னலு?"

"அதுங்கல்லாம் அடியில இருக்குதுங்க."

சிரித்துவிட்டேன். விசாரிக்க நேரமில்லை. புதுத் தாள் எடுத்து ஸ்கேல் வைத்துச் சுவர், கதவு, இரண்டு ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை எல்லாம் போட்டேன். "இதுல கலர் அடி" என்று கொடுத்தேன். அடித்தாள். கீழே அவள் பெயரை எழுதி அனுப்பினேன். அவள் போட்ட தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கே கணக்கு போட்டுக் காட்டினேன்.

படம் செலக்ட் ஆனது. எனக்கு ஒரே பெருமை.

2. கள்ளக்குறிச்சியில்

அங்கே நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து அதே தலைப்பில் வரைய வேண்டும். பவித்ரா நான் போட்டுக் கொடுத்த வீட்டையே கோடு தப்பாமல் போட்டாள். ஒரு நடுவர் குனிந்து பார்த்தார்.

"உங்க ஊர்ல தென்ன மரம் இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏன் போட்ட?"

"டீச்சர் போட்டாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். ஹாலில் பாதிப் பிள்ளைகளின் தாளில் அதே வீடுதான், அவரவர் டீச்சர் கற்றுக்கொடுத்தது. எலவனாசூர்கோட்டைப் பையன் ஒருவன் தன் வீட்டு வாசலை ஒரு கரும்பு டிராக்டர் மறைத்துக்கொண்டு நிற்பது போல, தாள் முழுக்கக் கரும்பாகப் போட்டிருந்தான். பரிசு அவனுக்கு.

3. மேலே நின்று

திரும்பும்போது அவளை வீட்டில் விட நானே போனேன். ஜீப் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை கீழே இறங்குகிறது. "அதாங்க எங்க வூடு" என்று கை காட்டினாள்.

கூரை மட்டும்தான் தெரிந்தது. காற்றில் தகடு பறக்காமல் இருக்க வைத்த கற்கள், டயர், காயப்போட்ட மக்காச்சோளம். முற்றத்தில் நின்றவர்களின் தலைகள் மூன்று கறுப்பு வட்டங்களாகத் தெரிந்தன. ஒரு தலை நிமிர்ந்தது. அவள் அப்பா.

"வந்துட்டியா? பிரைசு இன்னா கண்ணு?"

அவள் பாதையில் இறங்கத் தொடங்கினாள். நான்கு வருடம் தினமும் அந்த ரோட்டில் ஜீப்பில் போயிருக்கிறேன், ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. உள்ளதை உள்ளபடி போட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை போட்டது உங்களுக்குப் புரியவில்லை என்றால் பென்சிலை எடுக்காதீர்கள், அந்தப் பிள்ளையோடு அதன் வீடு வரை நடந்து போங்கள். நான் போனேன், ஆனால் பிந்திப் போனேன்.

மறுநாள் அவளுக்கு ஒரு நல்ல தாள் கொடுத்தேன். "நீ போட்டதுதான் சரி பவித்ரா. தப்பு என்னோடது. நீ பாத்த மாதிரியே போடும்மா" என்றேன். பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடுகூடப் போடவில்லை. பிறகு தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"கோடு நீங்களே போட்டுக் குடுங்க டீச்சர். நான் கலர் அடிக்கிறேன்."