மச்சான் கதைத்துக்கொண்டிருந்தபோது நிரப்பிய ரவைகள்

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு எதிர்ப்பக்கம், எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது. சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கோதுகளைக் கழுவி, திரும்பவும் வெடிமருந்து நிரப்பி, கோதின் வாயில் ஈயச் சன்னத்தைப் பொருத்தி, சுடக்கூடிய ரவையாக்குவது என் பொழுதுபோக்கு. ஒரு ரைபிளும் ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருக்கிறேன். கைத்துப்பாக்கி, அரசாங்கம் விற்பனையை நிறுத்துவதற்கு முன்னர் வாங்கியது. இரண்டும் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும்.

ஆட்களோடு பேசுவது எனக்குப் பெரிதாக வராது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்து நிரப்பும்போது வானொலி இல்லை, தொலைபேசி இல்லை. மனைவிக்குத் தெரியும். தோசை ஆறிப்போனாலும் கூப்பிடமாட்டாள்.

கைத்துப்பாக்கிக் கோதில் மருந்து பாதிக்கும் குறைவாகத்தான் நிற்கும். மறதியில் இரண்டாம் முறை ஊற்றினாலும் வெளியே வழியாது. அப்படி ஒன்றைச் சுட்டால் துப்பாக்கியே கைக்குள் வெடித்துவிடலாம். அதனால் தட்டிலுள்ள கோதுகள் எல்லாவற்றையும் நிரப்பியபின், டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்ப்பேன். பார்த்த பிறகுதான் சன்னம்.

அந்தச் சனிக்கிழமை மனைவியின் தமையன், என் மச்சான், பிறம்ரனிலிருந்து மகளின் கலியாண அழைப்புக் காட்டோடு வந்தார். கிழமை முழுக்கத் தனியாக ட்ரக் ஓடுகிறவர். ஆட்களைக் கண்டால் சேர்த்துவைத்த கதை எல்லாம் வெளியே வரும். நானும் மனைவியும் சேர்ந்து நின்று அழைப்பை வாங்கினோம், குங்குமம் வைத்தோம், தேத்தண்ணி குடித்தோம். நான் கீழே இறங்க, அவரும் பின்னால் இறங்கினார்.

மறுநாள் கிளப்பில் துப்பாக்கி சுடும் போட்டி. எப்போதும் கடைசி வரிசையில் நின்று சுட்டுவிட்டு வருகிறவன், முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருந்தேன். மச்சானும் பார்க்க வருவதாக இருந்தது. போட்டி முடிந்தபின் என் துப்பாக்கியால் தானும் சுட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தார். நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அவர் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

“வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தம். நீங்கள் இஞ்ச காசு குடுத்து வெடி செய்யிறியள்.”

பிறகு மண்டப வாடகை, சாப்பாட்டுக்காரர், மாப்பிள்ளை வீட்டாரின் முறைப்பாடுகள். கதைக்கவேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனைவியின் தமையன், வீடு தேடிக் கலியாணம் சொல்ல வந்தவர். வாய் வரவில்லை. “ஓம், ஓம்” என்றபடி மருந்தை ஊற்றினேன். மரியாதைக்காக இடையிடையே அவர் முகத்தையும் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் சன்னம் பொருத்திப் பெட்டியில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது டோர்ச் கண்ணில் பட்டது. மேசை மூலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடவேயில்லை.

மச்சானிடம் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கும், வேண்டுமானால் தராசில் நிறுத்துப் பாருங்கள் என்றார். முழு ரவையை நிறுத்துப் பிழையைப் பிடிக்க முடியாது. கோதுகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று நிறை வேறுபடும். ஒரு சிட்டிகை மருந்து அதற்குள் மறைந்துவிடும். அப்படியென்றால் கடையில் வாங்கிக்கொண்டு போவோம் என்றார். நான் பெயர் கொடுத்தது என் கையால் செய்ததைச் சுடுவதற்கு.

ரவைகளைக் கழற்றவென்றே ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. ரவையை அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் அடித்தால் சன்னமும் மருந்தும் பிரிந்து உள்ளே விழும். முதலாவதை மாட்டினேன். மச்சான் விட்ட இடத்திலிருந்து மண்டபக் கதையைத் தொடங்கினார். சுத்தியலைக் கீழே வைத்தேன்.

“மச்சான், இதில இருந்து கதைக்காதேங்கோ. மேல போங்கோ.”

கலியாணம் கட்டிய நாள்தொட்டு நான் அவருக்கு அவ்வளவு நீளமாக எதையும் சொன்னதில்லை.

“கோவமோ?”

“இல்லை. நாளைக்கு நீங்களும் சுடப்போறியள். பிள்ளையைத் தாரைவார்த்துக் குடுக்கிற கை உது.”

அவர் தன் கையைப் பார்த்தார். எழும்பி மேலே போனார். “உன்ர மனுசன் என்னைக் கலைச்சுப்போட்டார்” என்று தங்கையிடம் முறையிடுவதும், அவள் சிரிப்பதும் கேட்டன.

எல்லாவற்றையும் அடித்துக் கழற்றினேன். தோள் உளைந்தது. ஒவ்வொன்றிலும் விழுந்த மருந்தை நிறுத்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. அது தெரிந்தபோது பட்ட பாடு வீண் என்று தோன்றவில்லை. அந்த மருந்தைப் புறம்பாக வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து புது மருந்து எடுத்து நிரப்பி, டோர்ச் அடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சன்னம் வைத்தேன். மேலே ஏறியபோது இடியப்பம் ஆறியிருந்தது. மச்சான் எனக்காகச் சாப்பிடாமல் இருந்தார்.

போட்டியில் நான் நடுவில் எங்கேயோ வந்தேன். ஒரு ரவையும் சதி செய்யவில்லை. முடிந்தபின் மச்சானுக்குக் காதுமூடியைப் போட்டுவிட்டு, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, பின்னால் ஒட்டி நின்றேன். குறி பார்த்தபடியே கேட்டார்.

“இப்ப கதைக்கலாமோ?”

“இன்னும் இல்லை” என்றேன்.

வாயை மூடிக்கொண்டு சுட்டார்.