நான் ஊட்டிய ஒரு துண்டு கேக்

முப்பத்து நான்கு வருட நர்ஸ் வேலையில் பட்டுச்சேலையோடு எமர்ஜென்சிக்குள் ஓடியது ஒரே ஒரு தடவைதான். அப்படி ஓட வைத்த வேலையைச் செய்ததும் நான்தான். இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெறும் முன் கடைசி ஆறு வருடம் மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் எடைக்குறைப்பு கிளினிக்கில் சிஸ்டராக இருந்தேன். அங்கே செய்வது ஸ்லீவ் ஆபரேஷன். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிடுவார்கள். அதன்பின் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம் மட்டும், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. அதை விளக்குவது, எடை பார்ப்பது, கேட்காதவர்களைத் திட்டுவது, இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர்.

1. ஒரே காலையில் இரண்டு பேர்

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் லிஸ்டில் இரண்டு பேர். ஒருத்தி கவிதா, இருபத்து நான்கு வயது, பாச்சாங்கில் கைப்பேசிக் கடையில் வேலை. இன்னொருவர் முனியாண்டி அண்ணன், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து, சுங்கை ஊடாங்கில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நூற்று இருபத்தெட்டு கிலோ, தினம் நான்கு இன்சுலின் ஊசி, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் முட்டியைத் தொடுவேன் என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணனை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர் மனைவி சரோஜா அக்கா.

"அழகு கிழகெல்லாம் எனக்கு வேணாம்மா. முட்டி ஆபரேஷன் பண்ற அளவுக்கு எறக்கி விட்டுடுங்க. எந்திரிச்சி நடந்தா போதும்லா" என்றார் அண்ணன்.

சர்ஜன் டாக்டர் ரவிக்குத் தயக்கம். ஐம்பத்தைந்து தாண்டிய யாரையும் அதுவரை நாங்கள் எடுத்ததில்லை. என் அலமாரியில் அந்த வயதுக்காரர்களின் ஃபைல் நான்கு காத்துக்கிடந்தன. "இவரு முட்டி ஆபரேஷன் வரைக்கும் நல்லபடியா போனா அந்த நாலையும் பாக்கலாம் சிஸ்டர். இல்லன்னா இந்த வயசுக்கு இனிமே நான் கத்தி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கவிதா மேல்தான் நம்பிக்கை. நான் சொன்னதையெல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்ட பெண் அவள். அண்ணனைப் பார்த்து, ரொட்டி சானாயும் இனிப்பான தே தாரிக் டீயும் இத்தனை வருடம் சாப்பிட்ட நாக்கு எங்கே கட்டுப்படப்போகிறது என்று நினைத்தேன். என் நினைப்பில் மண். ஷிஃப்டுக்குப் போகிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, சின்னக் கப்பில் அளந்து குடித்தார் மனிதர். ஒன்பதாம் நாள் போன் வந்தது கவிதாவிடமிருந்துதான். ஜவ்வரிசி உருண்டை போடாத பபிள் டீ தண்ணீர் ஆகாரத்தில் சேருமா என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

2. மண்டபத்தில்

அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய மகள்கள் முன்பே நாள் குறித்திருந்தார்கள். லிஸ்டில் இருந்த வேறொருவர் வரமுடியாமல் போனதால் ஆபரேஷன் தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் விசேஷம் ஆபரேஷனுக்குப் பதினெட்டாம் நாள். இலையில் உட்காரக்கூடாது, பாயசம் கூடாது, வடை கூடாது என்று ஒரு பெரிய பட்டியல் கொடுத்து அனுப்பினேன். எனக்கும் அழைப்பு இருந்தது.

சரோஜா அக்கா காவல் காத்தார் என்றால் அப்படியொரு காவல். அண்ணனுக்கு இலையே போடவில்லை. பருப்பை மசித்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். எனக்கு ரொம்பப் பெருமை. பக்கத்து நாற்காலிக்காரர்களிடம், அவர் என்னுடைய பேஷண்ட் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் கேக் வெட்டினார்கள்.

நம் பழக்கம்தான் தெரியுமே. பிறந்தநாளோ நிச்சயதார்த்தமோ அறுபதோ, கேக் வெட்டினால் மேடையில் இருப்பவருக்கு வந்தவர்கள் எல்லாரும் வரிசையாகப் போய் ஊட்ட வேண்டும். ஊட்ட வந்த கையை விலக்கினால் அந்த ஆளையே விலக்கின மாதிரி. நானும் எழுந்து வரிசையில் நின்றேன். ஒரு துண்டு எடுத்து நீட்டினேன், அண்ணன் வாயைத் திறந்தார், போட்டோ எடுத்தார்கள். இறங்கி வந்து உட்கார்ந்து பாதித் தட்டு மீஹூன் நூடுல்ஸ் சாப்பிட்ட பிறகுதான், ஐயோ, என் கை என்ன செய்துவிட்டு வந்திருக்கிறது என்று எனக்கே உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் முப்பது பேராவது ஊட்டியிருப்பார்கள். அண்ணன் முகம் வெளிறி, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஓடினேன். கை ஜில்லென்றிருந்தது, நாடி பறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தத் தையல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் மருமகனின் வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம்.

3. ஸ்கேன் அறைக்கு வெளியே

டாக்டர் ரவி வந்து நேராக ஸ்கேனுக்கு அனுப்பினார். சரோஜா அக்கா கழுத்தில் காலையில் கட்டிய தாலியோடு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு என்கிட்ட கேட்டாருமா, கேக்கு வேணாம்னு சொல்லிடவான்னு. கேக்கு என்னங்க சாப்பாடா, ஒரு வாய் வாங்கிக்குங்க, வந்தவங்க மொகம் வாடிடும்னு நான்தான் சொன்னேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் ஊட்டியதை அவர் கவனித்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தையல் விடவில்லை. அவ்வளவு இனிப்பும் சின்ன வயிற்றைத் தாண்டி ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கியதால் வந்த தள்ளாட்டம் அது, டம்பிங் என்போம். டிரிப் ஏற்றியதும் அண்ணன் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. டாக்டர் ஃபைலைத் திறந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, டயட் ஷீட்டைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார், மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"தப்பு என்னுதுதான் டாக்டர். ஆசை. நானே எடுத்துச் சாப்பிட்டேன்."

எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றப் பார்க்கிறார் மனிதர். ஆனால் 'நோயாளி சொன்னதைக் கேட்கவில்லை' என்று அந்த ஃபைலில் ஒரு வரி ஏறிவிட்டால், அவர் கதையும் அந்த நான்கு பேரின் கதையும் அன்றோடு முடிந்துவிடும். வயதானவர்கள் கேட்கமாட்டார்கள் என்று தீர்ப்பாகிவிடும்.

"இல்ல டாக்டர், அவரு எடுக்கல. வந்தவங்க எல்லாரும் ஊட்டுனாங்க. அதுல ஒரு துண்டு நான் ஊட்டுனது."

டாக்டர் என் பட்டுச்சேலையை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா சிஸ்டர்?"

"நான்தான்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் மெதுவாக, "எங்கம்மாவுக்கு சுகர். எழுபதாவது பொறந்தநாளைக்கு நானும்தான் ஊட்டினேன்" என்றார். ஃபைலில் அவர் எழுதியதை மறுநாள் படித்தேன். விருந்தினர்கள் ஊட்டியது, கிளினிக் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்று இருந்தது. பேண்ட்ரியில் போய் நன்றாக அழுதேன்.

4. அதற்குப் பிறகு

அடுத்த வாரமே எங்கள் ஃபாரத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: 'மூன்று மாதத்துக்குள் வீட்டில் விசேஷம் உண்டா? மேடையில் உட்காருவீர்களா?' மற்ற நர்ஸ்கள் சிரித்தார்கள். உண்டு என்று எழுதியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கவிதா பத்து மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ குறைத்தாள், அப்புறம் ஆறு கிலோ ஏற்றிக்கொண்டு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அண்ணன் குறைத்தது முப்பதுதான். சார்ட்டில் பார்த்தால் கவிதாதான் முதல். ஆனால் அண்ணனுக்கு இன்சுலின் நின்று மாத்திரை மட்டும் என்றாகிவிட்டது. எத்தனை கிலோ என்பதை மட்டும் பார்த்து ஒருவருக்கு மார்க் போடாதீர்கள், எதற்காக வந்தார் என்று கேளுங்கள். இன்னொன்றும் கவனித்தேன். இளசுகளுக்கு மற்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வருகிறது, தங்களிடம் சொல்லத்தான் வரவில்லை. பெரியவர்கள் நேர்மாறு. ஒரே டயட் ஷீட்டை இரண்டு பேருக்கும் கொடுத்தது எங்கள் சோம்பேறித்தனம்.

அண்ணன் தொண்ணூற்றெட்டுக்கு வந்ததும் எலும்பு டாக்டர் வலது முட்டியை முதலில் செய்தார். அது முடிந்து மூன்றாவது மாதம், எங்கள் கிளினிக்குக்கு லிஃப்டிலிருந்து அவரே நடந்து வந்தார். கையில் ஒரு கோல், அவ்வளவுதான். சரோஜா அக்கா இரண்டடி பின்னால், கையை வீசிக்கொண்டு வந்தார். தள்ளுவதற்கு அவருக்கு எதுவும் இல்லை.

டாக்டர் ரவி அறை வாசலில் நின்று, அண்ணன் வந்து உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நாலு ஃபைல கொண்டாங்க சிஸ்டர்" என்றார்.

அதற்குள் அவை ஏழாகியிருந்தன. ஏழையும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.